அறுத்துக்கட்டினவளும் ஏழடி நடக்காதவனும்

'அறுத்துக்கட்டுகிற சாதி' என்பது எங்களைப் பார்த்துச் சொல்லப்படுகிற வசவு. கூலி கூடக் கேட்டால் சொல்வார்கள். குழாயடியில் குடம் இடித்துக்கொண்டால் சொல்வார்கள். எங்கள் பையன் ஊர்த்தெருப் பெண்ணோடு பேசினான் என்று தெரிந்தால் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் அரிவாளை எடுப்பார்கள். 'அதுங்களுக்கு என்னா, இன்னிக்கு ஒருத்தன், நாளைக்கு ஒருத்தன்' என்பது அந்த வசவுக்கு உரை. நம்மில் படித்து வேலைக்குப் போன பலர் இதற்குக் கூசிப்போய், 'அதெல்லாம் அந்தக் காலத்துல, இப்ப எங்க ஜனங்க அப்படி இல்ல' என்று பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. நான் அறுத்துக்கட்டினவளின் மகள். அறுத்துக்கட்டுவது என்றால் என்ன, அதைச் சட்டம் என்ன செய்து வைத்திருக்கிறது, அதனால் யார் பிழைக்கிறார்கள், யார் வயிறு காய்கிறார்கள் என்று பேசத்தான் இதை எழுதுகிறேன்.

அறுத்துக்கட்டுவது என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போவது என்று நினைக்கிறவர்கள் சேரிப் பஞ்சாயத்தில் ஒருநாளும் உட்கார்ந்தவர்கள் இல்லை. அடி தாங்காதவள், சோறு காணாதவள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடுவார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை சேர்த்து வைக்கப் பார்ப்பார்கள். ஒத்துவரவில்லை என்றால் தீர்த்துவிடுவார்கள். சில ஊரில் துரும்பு கிள்ளிப் போடுவார்கள். சில ஊரில் தாலியைக் கழற்றிப் பஞ்சாயத்து நடுவில் வைக்க வேண்டும். பரிசப் பணம் திரும்ப வேண்டுமா, தண்டம் யார் கட்டுவது, பிள்ளை யாரிடம் வளர்வது, அண்டா குண்டா யாருக்கு என்று எல்லாம் பேசி முடித்து எழுந்தால் அந்த உறவு முடிந்தது. அதற்குப் பிறகு அவள் இன்னொருவனோடு வாழலாம். இரண்டாம் தாலிக்கு மேளம் இருக்காது, பந்தல் இருக்காது. ஆனால் பிறக்கிற பிள்ளையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இதற்கு விவாகரத்துச் சட்டம் என்றுதான் பெயர். எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். பூணூல் போட்ட வீடுகளில் சின்னப் பெண்ணுக்குத் தாலி கட்டி, கட்டினவன் செத்தால் மொட்டையடித்து மூலையில் உட்காரவைத்து அதற்குப் புனிதம் என்று பெயர் வைத்திருந்த காலத்தில், எங்கள் பாட்டிமார்கள் வேண்டாதவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். வயலில் நட்டும் களை பறித்தும் தன் சோற்றைத் தானே சம்பாதித்தவளுக்கு அந்தத் தைரியம் இருந்தது. எந்தச் சமூகத்துக்கு இது பெருமையாக இருந்திருக்க வேண்டுமோ அந்தச் சமூகத்துக்கு இது வசவாகிவிட்டது. எந்தச் சமூகத்துக்கு அது வெட்கமாக இருந்திருக்க வேண்டுமோ அந்தச் சமூகத்தின் வழக்கம் நாட்டின் சட்டமாகிவிட்டது.

நான் மிகைப்படுத்தவில்லை. 1949ல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா விவாதத்துக்கு வந்தபோது, விவாகரத்து வந்தால் இந்துக் குடும்பமே அழிந்துபோகும் என்று சபையில் கூச்சல் போட்டார்கள். அம்பேத்கர் அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொன்னார். சூத்திரர்கள் என்று நீங்கள் சொல்கிறவர்களிடம் மணமுறிவு வழக்கத்திலேயே இருக்கிறது; அவர்கள் இந்துக்களில் 90 சதவீதம். அப்படியானால் 90 பேருடைய வழக்கத்தை நாட்டுக்குப் பொதுவாக்கப் போகிறீர்களா, 10 பேருடைய சட்டத்தை 90 பேர் தலையில் கட்டப் போகிறீர்களா என்பது அவர் கேள்வியின் சாரம். பதில் வரவில்லை. மசோதாவை இழுத்தடித்தார்கள். 1951 செப்டம்பரில் அவர் மந்திரி பதவியை உதறினார். அவர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

1955ல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. விவாகரத்தும் அதில் வந்தது. சாதி இந்துப் பெண்களுக்கு அது ஒரு கதவு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் எங்கள் வழக்கத்துக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? கடைசியில், 29-வது பிரிவின் 2-வது உட்பிரிவு. வழக்கத்தின் மூலம் மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது என்று அது சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 90 பேருடைய வழக்கம் விதிவிலக்காகத் திண்ணையில் உட்கார்ந்தது, 10 பேருடைய வழக்கம் விதியாக வீட்டுக்குள் போனது.

திண்ணையில் உட்காரவும் சான்று கேட்கிறார்கள். வழக்கம் என்றால் அது நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே சீராகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 3-வது பிரிவில் உள்ள விளக்கம். அதை யார் சொல்கிறார்களோ அவர்களே மனுவில் எழுதி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2002ல் ஒரு வழக்கிலும், 2005ல் தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கிலும் சொல்லிவிட்டது. சேரிப் பஞ்சாயத்துக்கு மினிட் புத்தகம் உண்டா? தீர்த்துவிட்ட பெரியவர்கள் இருபது வருடம் கழித்து உயிரோடு இருப்பார்களா? ஒரு ஊரில் துரும்பு, இன்னொரு ஊரில் தாலி என்றால் 'ஒரே சீராக' என்பதற்கு எங்கே போவது? எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த ஜனங்களிடம் எழுத்துச் சான்று கேட்பது எந்த ஊர் நியாயம்? எட்கர் தர்ஸ்டன் 1909ல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 7 தொகுதி எழுதி வைத்தார். அந்த மாதிரி ஒரு துரை எழுதி வைத்தது கோர்ட்டில் செல்லும். நாங்கள் வாழ்ந்தது செல்லாது.

இது எங்கள் வீட்டில் எப்படி வந்து விடிந்தது என்று சொல்கிறேன். அம்மாவுக்கு 1986ல் கல்யாணம். கட்டினவன் செங்கல் சூளைக்குப் போனவன். குடி, அடி, அங்கேயே இன்னொரு பெண்ணோடு குடித்தனம். நாலு வருடம் பொறுத்துவிட்டு அம்மா தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். 1991ல் பஞ்சாயத்து கூடியது. மாமா பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா தாலியைக் கழற்றி வைத்தாள். 5 ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள். அடுத்த வருடம் அம்மாவை ஒரு நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி கட்டிக்கொண்டார். அவருக்கு அதுதான் முதல் கல்யாணம். அவர்தான் என் அப்பா. 27 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். ரேஷன் கார்டில், வாக்காளர் பட்டியலில், அப்பாவின் பணிப்பதிவேட்டில் எல்லாவற்றிலும் மனைவி என்று அம்மா பெயர்தான்.

2019ல் அப்பா சாக்கடை வேலையில் பிடித்த நோயில் போய்ச் சேர்ந்தார். குடும்பப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டோம். வாரிசுச் சான்று கேட்டார்கள். விசாரணைக்கு ஆள் வந்தபோது, எங்கிருந்தோ மோப்பம் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய ஆள் வந்து நின்றான். 'அவ எம் பொண்டாட்டி, நான் இன்னும் உயிரோடதான இருக்கேன்' என்றான். வாயை மூட 50,000 ரூபாய் கேட்டான். எங்களிடம் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டான். கோர்ட்டில் விவாகரத்து வாங்காததால் அம்மா இறந்தவரின் சட்டப்படியான மனைவி இல்லை என்று ஓலை வந்தது. மகள் என்ற முறையில் என்னை ஒப்புக்கொண்டார்கள், பணிக்கொடையை என் பெயருக்குத் தந்தார்கள். செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையும் சட்டப்படியான பிள்ளைதான் என்கிறது 16-வது பிரிவு. பிள்ளை செல்லும், பிள்ளையைப் பெற்றவள் செல்லாது. எனக்கு 25 வயது தாண்டிக் கல்யாணமும் ஆகிவிட்டதால் மாதப் பென்ஷன் எனக்கும் வராது. அந்தப் பென்ஷனுக்குப் போட்டியாக இன்னொரு மனைவி கிடையாது. யாருக்கும் கொடுக்காமல் அரசாங்கம் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டது.

அலுவலகத்தில் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார்: 'கவலப்படாதீங்கம்மா. அந்தாளு செத்தாருன்னா வாங்க. அவருக்கு வாரிசுச் சான்றுல மனைவின்னு உங்க பேரத்தான் போடணும்.' அவர் கேலி செய்யவில்லை. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதுதான் சரி. அடித்துத் துரத்தினவனுக்கு அம்மா வாரிசு. கஞ்சி ஊற்றிக் கடைசிவரை பீ மூத்திரம் அள்ளிப்போட்டவருக்கு அவள் யாரோ. 'உசுரோட இருக்கறப்பவே வேணாம்னு வந்தவ, செத்தப்பறம் எனக்கு எதுக்குய்யா அவன்?' என்று அம்மா கேட்டாள். இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை.

இப்போது அந்த ஆளைப் பாருங்கள். தாலி கட்டினவள் இருக்கும்போதே இன்னொருத்தியோடு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து மூன்று பிள்ளை பெற்றவன். அவன்மேல் ஒரு வழக்கும் கிடையாது. வரவும் வராது. ஏன் என்பதில்தான் இந்தச் சட்டத்தின் சாதி தெரிகிறது.

மனைவியோ கணவனோ இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால் 7 வருடம் வரை ஜெயில் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவாகப் பெயர் மாறியிருக்கிறது. கவனியுங்கள், இன்னொரு கல்யாணம் 'செய்தால்'தான் குற்றம். இன்னொருத்தியோடு 'வாழ்ந்தால்' இந்தப் பிரிவு தொடாது. சரி, கல்யாணமே செய்துகொண்டால்? அப்போதும் தப்பிக்க வழி உண்டு. 1965ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம், இரண்டாவது கல்யாணம் அதற்குரிய சடங்குகளோடு முறைப்படி நடந்திருந்தால்தான் குற்றம் என்றது. ஓமம் வளர்க்கவில்லை, அக்கினியைச் சுற்றி ஏழடி நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. விடுதலை. அதற்குப் பிறகு எத்தனை ஆம்பளைகள் இந்த ஏழடியை நடக்காமலே வெளியே நடந்து போனார்கள்! முதல் மனைவி, புருஷனுடைய ரெண்டாம் கல்யாணத்தில் அய்யர் என்ன மந்திரம் சொன்னார், எத்தனை சுற்று சுற்றினார்கள் என்று சாட்சி சொல்ல வேண்டும். அவளை யார் அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்தார்கள்?

தமிழ்நாட்டில் 1984ல் தாலி கட்டி இரண்டாம் கல்யாணம் செய்தவன் ஒருவனைச் சப்தபதி நிரூபிக்கப்படவில்லை என்று கீழ்க்கோர்ட் விடுவித்தது. முதல் மனைவி விடவில்லை. சுயமரியாதைத் திருமணச் சட்டம் உள்ள தமிழ்நாட்டில் தாலி கட்டினாலே கல்யாணம்தான், குற்றம்தான் என்று உச்சநீதிமன்றம் சொல்வதற்கு 2001 ஆனது. 17 வருடம். போலீசுக்குப் போனால், 'இது நாங்க எஃப்.ஐ.ஆர். போடற கேஸ் இல்ல, மாஜிஸ்திரேட்டு கிட்ட தனிப் புகார் குடும்மா' என்று அனுப்புவார்கள். கூலிக்காரி வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாக நாள்கூலியை விட்டுவிட்டுக் கோர்ட் வாசலில் நிற்க முடியுமா?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டு பெண்டாட்டிக்காரன், 'நான் உங்கள் சடங்கைச் செய்யவில்லை' என்கிறான். கோர்ட் அவனை விட்டுவிடுகிறது. அறுத்துக்கட்டினவள், 'நான் எங்கள் சடங்கைச் செய்துவிட்டுத்தான் வந்தேன்' என்கிறாள். கோர்ட் அவளைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பேரையும் அளக்கிற அளவுகோல் ஒன்றுதான்: பார்ப்பனச் சடங்கும் சர்க்கார் காகிதமும். ஒருதார மணம் என்று பெயர் வைத்துவிட்டு, உண்மையில் இந்தச் சட்டம் காப்பாற்றுவது காகிதத்தை. இன்னொன்றும் உண்டு. அம்மா என் அப்பாவிடம் தாலி கட்டிக்கொண்டவள். எழுத்துப்படி பார்த்தால் இருதார மணக் குற்றவாளி என்று கூண்டில் ஏற வேண்டியவள் அவள்தான். அந்த ஆள் அந்த மிரட்டலையும் விட்டுப் பார்த்தான். 2018 செப்டம்பரில் 497-வது பிரிவை உச்சநீதிமன்றம் ரத்து செய்கிறவரைக்கும், 'எம் பொண்டாட்டிய வச்சிருக்கான்' என்று என் அப்பாவையும் அவன் ஜெயிலுக்கு அனுப்பியிருக்க முடியும். பெண்டாட்டியை மாடு மாதிரி சொத்தாகப் பார்த்த பிரிவு அது. அது போனது நல்லது. ஆனால் அது போனதால் அம்மாவுக்குப் பென்ஷன் வரவில்லை.

'வச்சிருக்கான்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 2005ல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபோது, கல்யாணத்தின் தன்மை கொண்ட உறவில் வாழ்கிற பெண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு என்றார்கள். நம் பெண்களுக்கு இது உதவும் என்று நம்பினோம். 2010ல் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் அந்த உறவுக்கு நிபந்தனைகள் போட்டது. அதில் ஒன்று, இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக, ஏற்கனவே மணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்பது. பணம் கொடுத்துப் படுக்கைக்கோ வேலைக்கோ வைத்துக்கொள்ளும் 'வைப்பு' இதில் வரமாட்டாள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதே சொல்லைத் தீர்ப்பில் எழுதினார்கள். அப்போது அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அந்தச் சொல்லை எதிர்த்து உச்சநீதிமன்றத்திலேயே குரல் எழுப்பினார். ஊர்த் திண்ணையில் பேசுகிற சொல் உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது என்றால், இடையில் எத்தனை படிகளில் அது உட்கார்ந்திருக்கும்? பெண்ணுக்கு வைப்பாட்டி, கூத்தியாள், தொடுப்பு என்று எத்தனை பெயர். ஆணுக்கு ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். பண்ணையார் வைத்திருந்தால் அதற்குச் 'சின்ன வீடு' என்று செல்லப்பெயர் வேறு.

2013ல் இன்னொரு வழக்கு. மணமான ஆணோடு, அது தெரிந்தே 18 வருடம் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் இடம் இல்லை என்றார்கள். அதே தீர்ப்பில், இப்படிப்பட்ட உறவுகளில் பாதிக்கப்படுகிறவர்கள் ஏழைப் பெண்களும் பிள்ளைகளும்தான், பாராளுமன்றம் இதற்கு வழி செய்ய வேண்டும் என்றும் எழுதினார்கள். பாராளுமன்றத்துக்கு அந்த அவசரம் வரவில்லை. நீதிபதிகளில் சிலருக்கு வந்தது. 2025 ஜனவரியில், முதல் கணவனைக் கோர்ட்டுக்குப் போகாமல் ஒப்பந்தம் எழுதிப் பிரிந்து வந்த ஒரு பெண்ணுக்கு, இரண்டாவது கணவன் ஜீவனாம்சம் தரத்தான் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லாம் தெரிந்து கட்டிக்கொண்டவன், பிறகு 'உன் முதல் கல்யாணம் இன்னும் இருக்கிறது' என்று கைகழுவ முடியாது என்பது அதன் சாரம். சுவரில் இது ஒரு விரிசல். வரவேற்கிறேன். ஆனால் இது ஜீவனாம்சத்துக்கு மட்டும். உயிரோடு இருக்கிறவனிடம் கஞ்சிக்குக் கேட்கலாம். செத்தவனுடைய பென்ஷனுக்கு, வீட்டுக்கு, மனைவி என்ற பெயருக்கு இந்தத் தீர்ப்பு போதாது.

இங்கே திராவிட இயக்கத் தோழர்களுக்கு ஒரு கேள்வி. புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நீங்கள் நடத்திய சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கான உங்கள் மனைவிமார் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லாமல் போனார்கள். 'வைப்பு' என்று எதிரிகள் சிரித்தார்கள். அந்த அவமானம் உங்களுக்குத் தெரியும். 1967ல் ஆட்சிக்கு வந்ததும் அண்ணா அதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 7-அ பிரிவு. 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்துச் செல்லும் என்றாக்கியது. பெரிய காரியம், யாரும் மறுக்க முடியாது. கட்டுவதற்கு அய்யர் வேண்டாம், மாலை போதும், மோதிரம் போதும், தாலி போதும், இரண்டு பேர் சம்மதித்துச் சொன்னால் போதும் என்று எழுத முடிந்தது. அறுப்பதற்கும் இரண்டு பேர் சம்மதித்துத் தங்கள் ஜனங்கள் முன்னால் சொன்னால் போதும் என்று எழுத ஏன் கை வரவில்லை? அறுத்துக்கொண்டு வந்தவர்கள் சேரியில் இருந்ததாலா? அவர்களுக்கு மாநாடு நடத்த ஆள் இல்லாததாலா?

'அப்படியானால் கோர்ட் வேண்டாம் என்கிறாயா? இருதார மணத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா?' என்று கேட்பார்கள். இல்லை. தீர்க்காமலே, முதல்காரியையும் பிள்ளைகளையும் பட்டினி போட்டுவிட்டு இன்னொருத்தியோடு போகிறவன் குற்றவாளிதான். அவன் ஏழடி நடந்தானா எட்டடி நடந்தானா என்று எண்ணாமல் அவனைப் பிடிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தீர்த்துக்கொண்டு வந்து இன்னொருவனோடு வாழ்கிறவளை அவனோடு ஒரே கூண்டில் ஏற்றாதே என்கிறேன். இரண்டும் ஒன்று இல்லை. இந்த வித்தியாசம் சேரியில் ஒரு கிழவிக்குத் தெரிகிறது. கறுப்பு அங்கி போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

நம் வீட்டுக்குள்ளும் பேச வேண்டியது இருக்கிறது. பஞ்சாயத்து என்றால் சொர்க்கம் என்று நான் எழுதினால் அம்மாவே என்னை அடிப்பாள். அங்கே உட்கார்ந்திருப்பது ஆம்பளைகள். பெண் வெளியில் நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஒரு சீசா சாராயத்துக்குத் தீர்ப்பு மாறியது உண்டு. தண்டம் பெரும்பாலும் பெண் வீட்டார் தலையில்தான் விடியும். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியதும் உண்டு. இப்போது அதைவிட மோசமான ஒன்று நடக்கிறது. ஊர்த்தெருக்காரன் மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசையில், 'இனிமே நம்ம பொண்ணுங்க அறுத்துக்கட்டக் கூடாது, மானம் போவுது' என்று நம் இளைஞர்களே பேசுகிறார்கள். மேடையில் அம்பேத்கர் படம், வீட்டில் மனு. அடி வாங்கிக்கொண்டு கிடப்பதுதான் மானம் என்றால் அந்த மானம் நமக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். வசவைத் துடைக்க நினைத்து, வைத்திருந்த ஒரே சுதந்திரத்தையும் துடைத்துவிடாதீர்கள்.

இன்னொரு பக்கம் டெல்லியிலிருந்து பொது சிவில் சட்டம் என்ற முழக்கம் வருகிறது. 2025 ஜனவரி 27 முதல் உத்தரகண்டில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. முஸ்லிம்களுக்கு எதிரான சட்டம் என்று மட்டும் நினைத்து நாம் தள்ளி நிற்க முடியாது. அந்தச் சட்டத்தில் கோர்ட் மூலமாக அல்லாமல் வழக்கப்படி மணத்தை முறிக்க வழி இல்லை. நாம் உட்கார்ந்திருந்த திண்ணையையும் இடித்துவிட்டார்கள். கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. இருவரில் ஒருவருக்குச் சட்டப்படி மணத் துணை இருந்தால் பதிவும் கிடைக்காது. பழங்குடிகளுக்கு விலக்கு உண்டு. பட்டியல் சாதிகளுக்கு இல்லை. அம்மா மாதிரி ஒருத்தி அங்கே இருந்தால் அவள் என்ன செய்வாள்? பதிவு செய்யப் போனால் தகுதி இல்லை, போகாவிட்டால் குற்றம். அம்பேத்கர் 1949ல் கேட்ட 90க்கும் 10க்கும் நடுவிலான கேள்விக்கு, எழுபத்தைந்து வருடம் கழித்து வந்திருக்கிற பதில் இதுதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம்.

ஒன்று, வழக்கப்படி மணமுறிவு நடந்தது என்று பட்டியல் சாதிப் பெண் சொன்னால், அது நடந்ததாகவே கோர்ட்டும் அலுவலகமும் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்கிறவர்கள் நிரூபிக்கட்டும். சான்று சுமக்கிற பாரத்தை அவள் தலையிலிருந்து இறக்க வேண்டும்.

இரண்டு, இனிமேல் நடக்கிற பிரிவுகளை எழுத்தில் பதிய, செலவு இல்லாமல், வக்கீல் இல்லாமல், தாலுகா அளவிலேயே சட்ட உதவிக் குழுவில் ஓர் ஏற்பாடு வேண்டும். அங்கே பெண் நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து ஆம்பளைகள் அவளுக்காகப் பேசக்கூடாது. முன்பு நடந்த பிரிவுகளுக்கும் அது செல்ல வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்குப் பின்தேதியிட்டுச் சட்டம் செய்ய முடிந்த மாநிலம் இது.

மூன்று, பென்ஷனும் குடியிருப்பும் கூடவே வாழ்ந்தவளுக்குப் போக வேண்டும். கைவிடப்பட்ட முதல் மனைவி இருந்தால் இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெண் வயிற்றில் அடித்து இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. துப்புரவுத் தொழிலாளர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும். சாக்கடையில் செத்துப்போகிறவர்களின் மனைவிமாரில் எத்தனை பேர் இப்படி வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று சங்கங்கள் தங்கள் கிளைகளில் கணக்கெடுக்க வேண்டும்.

நான்கு, எழுதுகிறவர்களுக்கு. சட்டக் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊரில் எப்படித் தீர்த்துவிடுவார்கள், யார் யார் தீர்த்துக்கொண்டு வந்தார்கள், என்ன சொல்லித் தீர்த்தார்கள் என்று கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். ஊர், வருடம், சாட்சி எல்லாம் எழுதுங்கள். தர்ஸ்டன் எழுதினால் சான்று என்றால், நாம் எழுதினாலும் சான்றாக வேண்டும். அந்தக் கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு நம் சட்டமும் போய்விடும்.

அடுத்த தடவை யாராவது 'அறுத்துக்கட்டுற சாதிதானே' என்று கேட்டால் தலை குனியாதீர்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். வேண்டாதவனை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தெரிந்திருந்தது, உங்கள் பெண்களுக்கு அது கிடைக்க எழுத்தில் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதைச் சட்டத்தில் ஏற்றுகிற வேலையைப் பாருங்கள்.